நீலத் தகட்டில் தெரிந்த பிறை

போன கிழமை எங்கள் பிரதேச சபையின் புதிய தொழில்நுட்ப உத்தியோகத்தர் தொலைபேசி எடுத்தார். நான் விட்டுவந்த கதிரையில் இப்போது இருப்பவர். மரியாதையான பிள்ளை. கடற்கரையில் நிற்கும் நிறத்தகட்டுச் சிற்பத்தை வருடத்தில் இரண்டு மாலை படங்கு போட்டு மூடுகிறார்களாம். அதே மாலைகளில் பள்ளிவாசல் மினாராவும் இருட்டாகிறதாம். ஏன் என்று கேட்டால் தொழிலாளர்கள் "அது அப்பிடித்தான் சேர்" என்கிறார்களாம்.

"மழைக்கா சேர் மூடுற?" என்று கேட்டார்.

மழைக்கு இல்லை என்றேன்.

"அப்ப வெயிலுக்கா?"

பொழுது படுகிற நேரத்தில் மூடுவது வெயிலுக்கு எப்படி ஆகும் என்று கேட்டேன். அதற்கு மேல் அவர் ஊகிக்கவில்லை. தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிகிறது, அதைச் சொல்வதற்கு முதலில் பெர்னாந்து சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் கனமூலைக்காரன். பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கொஞ்சக் காலம் அளவுநாடாவின் ஒரு நுனியைப் பிடித்தேன். பிறகு நாடா பிடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கற்பிட்டிப் பக்கம் இந்தச் சபைக்கு உத்தியோகத்தராக அனுப்பிவிட்டார்கள், இங்கேயே குடியிருந்து இதுவே என் ஊராகிவிட்டது. உண்மையான பயிற்சி அங்கேதான் தொடங்கியது. அப்போது எங்களுக்கு மேலே இருந்த பொறியியலாளர்தான் பெர்னாந்து சேர். சிலாபக் கரையைச் சேர்ந்த கத்தோலிக்கர். வீட்டில் பேசுவதும் தமிழ்தான், ஆனால் அதையும் சிக்கனமாகத்தான் பாவிப்பார். நாங்கள் போய் ஒரு பழுதைச் சொன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு கதிரையில் சாய்ந்து முழுவதையும் கேட்பார். குறுக்கே பேசமாட்டார், தலையாட்டவும் மாட்டார். இதனால்தான் இந்தப் பழுது என்று நாங்கள் சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி வரும்.

"நிப்பாட்டிப் பாத்தியா?"

பார்க்கவில்லை என்றால் அன்றைய சந்திப்பு அத்துடன் முடிந்தது. அவருடைய முறை இதுதான்: எதைக் காரணம் என்று நினைக்கிறாயோ அதை நிறுத்து. நிறுத்தினால் பழுதும் நிற்க வேண்டும். திரும்பத் தொடங்கு. பழுதும் திரும்ப வர வேண்டும். இரண்டும் நடந்தால் கையெழுத்து வைப்பார். ஒன்று மட்டும் நடந்தால் அது வெறும் கதை என்பார்.

மீன் சந்தையின் சுவர் ஒன்று எந்நேரமும் வியர்த்துக்கொண்டே இருந்தது. கடல் காற்று என்று ஊரே சொன்னது. நானும் கடல் காற்று என்று அறிக்கை எழுதிக்கொண்டு போனேன். "காத்த நிப்பாட்டிப் பாத்தியா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. வெளியே வந்து, நிறுத்தக்கூடியது வேறு என்ன இருக்கிறது என்று தேடினேன். யாரும் பாவிக்காத ஒரு கழுவுதொட்டிக்குப் போகும் பழைய தண்ணீர்க் குழாய் அந்தச் சுவருக்குள் இருந்தது. அதை மூடினேன். சில நாட்களில் சுவர் காய்ந்தது. பெருநாள் வந்த மாதிரி ஓடிப்போய்ச் சொன்னேன். "திறந்து பாத்தியா?" என்றார். காய்ந்த சுவரைத் திரும்பவும் நனைக்க எனக்கு மனமே வரவில்லை. இருந்தும் போய்த் திறந்தேன். நனைந்தது. கையெழுத்து வைத்தார். பாராட்டு என்று எதுவும் வரவில்லை. ஆனால் அடுத்த முறை நான் அவருடைய அறைக்குப் போனபோது உட்காரச் சொன்னார். அதுவரை நான் அந்த அறையில் உட்கார்ந்ததில்லை.

அவர் சேவையிலிருந்து இளைப்பாறிச் சிலாபம் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு, என் சேவையின் கடைசிப் பகுதியில், கடற்கரையை அழகுபடுத்துவது என்று சபை தீர்மானித்தது. கொழும்பிலிருந்து திலினி மிஸ் என்ற சிற்பி வந்தார். லொறியில் வந்தவை கண்ணாடி மாதிரி ஊடே பார்க்கக்கூடிய அக்கிரிலிக் தகடுகள். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். அவற்றை இரும்புச் சட்டங்களில் பூட்டி, ஒன்றின் முகம் ஒன்று பார்க்காமல், கோபித்துக்கொண்ட ஆட்கள் மாதிரித் திருப்பித் திருப்பி நட்டோம். நீலம் மட்டும் ஒரு பக்கம் கடலையும் மறு பக்கம் ஊரையும் நேராகப் பார்த்து நின்றது.

சபைத் தலைவர் வந்து இது என்ன என்று கேட்டார்.

"இது ஒன்றும் இல்லை," என்றார் திலினி மிஸ், மெதுவான, சுத்தமான தமிழில்.

தலைவர் என்னைப் பார்த்தார். கோப்பில் 'அலங்காரம்' என்று எழுதினேன்.

விளக்கு எங்கெங்கே பூட்ட வேண்டும் என்று நான் கேட்டதற்கு, "விளக்கு வேண்டாம். சூரியன் இருக்குதானே," என்றார். என் ஆட்கள் போல்ட்டுகளை நன்றாக இறுக்கிவிட்டு வந்தார்கள். அவர் ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டு வந்தார். உச்சி வெயிலில் தகடு விரியும், இறுக்கி வைத்தால் வெடிக்கும் என்றார். இவ்வளவு தளர்வாக நான் கட்டிய வேலை வேறு எதுவும் இல்லை. இன்றும் நிற்கிறது.

காலையில் நிறங்கள் கடல் பக்கம் விழும். மாலையில் ஊர்ப் பக்கம் விழும். அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைப் பாதையால் வருகிறவர்களின் வெள்ளை ஜுப்பாக்கள் சிவப்பாகி, மஞ்சளாகி, பச்சையாகி, தார்வீதிக்கு ஏறும்போது பழையபடி வெள்ளையாகிவிடும். இதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. ஆனால் உள் ஒழுங்கையால் வீட்டுக்குப் போகிறவர்கள் குறைந்து, கடற்கரையால் சுற்றிப் போகிறவர்கள் கூடினார்கள்.

கருவாட்டில்தான் பிரச்சினை வந்தது. பச்சை நிழலில் காயப்போட்ட கட்டாக் கருவாட்டைப் பார்த்து, பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று வியாபாரி தள்ளிவிட்டார். அடுத்த நாளே எல்லாக் கருவாடும் செம்மஞ்சள் தகட்டுக்கு முன்னால் வந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில் எந்த மீனும் நல்ல மீன்தான். இடத்துக்குச் சண்டை வந்து, சபைக்கு முறைப்பாடு வந்து, நான் போனேன். சூரியன் நகர நகரச் செம்மஞ்சளும் நகரும், பொறுத்திருந்தால் எல்லோருக்கும் வரும் என்றேன். என் சேவைக் காலத்தில் நான் சொன்ன தீர்ப்புகளில் எல்லோரும் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான். எனக்கும் அந்தத் தகடுகள் மேல் ஒரு விருப்பம் வந்துவிட்டது. வேலை இல்லாத மாலைகளிலும், துருவைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போய் நின்றேன்.

அவற்றைப் பிடிக்காதவர் மஹ்ரூப் நானா. கடலுக்குப் போவதை விட்டு வீட்டோடு இருந்தவர். எங்கள் ஊரில் பிறை பார்ப்பதில் அவருடைய சொல்தான் சொல். நோன்பு இருபத்தொன்பதாம் நாள் மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதையும் பிடிக்க வேண்டும். கண்டவரை மௌலவி விசாரித்து, நம்பினால் கொழும்புக்கு அறிவிப்பார். அங்கே நாடு முழுவதுமிருந்து வரும் சாட்சியங்களை வைத்து முடிவு சொல்வார்கள். மஹ்ரூப் நானா கண்டேன் என்றால் எங்கள் ஊரில் யாரும் மறுத்துப் பேசியதில்லை. அவர் காணவில்லை என்றால், தான் கண்டதாக நினைத்தவனும் சத்தம் போடாமல் இருந்துவிடுவான். அவருக்கு வள்ளமும் இல்லை, வளவும் இல்லை. ஊரில் அவருக்கு இருந்தது அந்தச் சொல்தான்.

கரைவலை இழுக்க நட்ட பழைய கட்டை ஒன்று கரையில் இருக்கிறது. அதில் சாய்ந்து நின்றுதான் அவர் பிறை பார்ப்பார். நீலத் தகடு சரியாக அந்தக் கட்டைக்கு முன்னால் வந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி நிற்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன்.

"பிறை வாற இடம் மாறல்லதானே. நான் ஏன் மாறோணும்?" என்றார்.

சில மாதங்கள் போனதும் குரல் இறங்கியது. "நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சியாத்தான் ஈக்குது," என்றார். அதை ஒரு சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் நோன்பு இருபத்தொன்பது அன்று பிற்பகல், பெருநாள் வருகிறது என்று என் ஆட்கள் தகடுகளைக் கழுவினார்கள். நல்ல தண்ணீர், சவர்க்காரம், மெல்லிய துணி. நீலத் தகடு அங்கே இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சுத்தம். மஃரிப் பாங்கு சொன்னதும் கடற்கரையிலேயே பேரீச்சம்பழமும் கஞ்சியுமாக நோன்பு திறந்தோம். மணலில் பாய் விரித்துத் தொழுதோம். எழுந்து நின்று மேற்கைப் பார்த்தோம். அடிவானத்தில் முகில் கிடந்தது.

"பிறை ஈக்குது," என்றார் மஹ்ரூப் நானா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவர் எப்போதும் சத்தம் போட்டுச் சொன்னதில்லை.

பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. "என்ட இடத்தில வந்து நிண்டு பாருங்க," என்று விலகி இடம் விட்டார். ஒருவர் வந்து நின்றார். சுப்ஹானல்லாஹ் என்றார். பிறகு அங்கே ஒரு வரிசை உண்டாகிவிட்டது. ஒவ்வொருவராகக் கட்டைக்குப் பக்கத்தில் நின்று, பிறையைக் கண்டு, அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். என் முறையும் வந்தது. ஆழ்ந்த நீலத்தில் மெல்லிய வெளிச்சக் கீற்று, கொம்பு இரண்டும் மேலே பார்க்க, மல்லாந்து கிடந்தது. நான் கண்ட பிறைகளில் மிக அழகானது அதுதான். அதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கம் இல்லை.

ஊருக்குள் பட்டாசு வெடித்தது. வீட்டிலிருந்து மனைவி தொலைபேசி எடுத்து, பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்துக்கு முட்டை உடைக்கவா என்று கேட்டார். கொஞ்சம் பொறு என்றேன். பட்டாசுச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. உடைத்துவிட்டார்.

எங்கள் மௌலவி இளம் வயது, மெலிந்த தேகம், நிதானமான பேச்சு. மஹ்ரூப் நானாவைத் தனியாக ஒரு வள்ளத்தின் பக்கம் அழைத்துப் போய் விசாரித்தார். விசாரணை தனியாகத்தான் நடக்க வேண்டும். நான் வள்ளத்தின் மறுபக்கம் செருப்புத் தேடிக்கொண்டிருந்ததால் முழுவதும் கேட்டது.

"சூரியன் விழுந்த இடத்துக்கு எந்தப் பக்கம் நானா?"

"கொஞ்சம் இடப்பக்கம்."

"கொம்பு?"

"மேல."

"கடலிலேர்ந்து எவ்வளவு உயரம்?"

மஹ்ரூப் நானா கையை நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்துக் காட்டினார். "ஒரு முட்டி."

"முகில் மறைச்சிச்சா?"

"முகில் கீழ ஈந்திச்சி. பிறைக்கு முன்னால இல்ல."

"எவ்வளவு நேரம் தெரிஞ்சிச்சி?"

"இன்னமும் ஈக்குதே ஹஸரத்."

அதுவரை ஒரு பதிலிலும் குறை சொல்ல இடமில்லை. மௌலவி கொழும்புக்கு எடுக்கத் தொலைபேசியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே கட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். கையை நீட்டி முட்டி வைத்தார். கொஞ்ச நேரம் போகவிட்டு மறுபடி முட்டி வைத்தார். கடல் இருண்டுகொண்டே வந்தது. பிறை இருண்ட பாடில்லை, இன்னும் துலக்கமாகிக்கொண்டிருந்தது. ஆட்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்து முஸாபஹா செய்துகொண்டிருந்தார்கள். மஹ்ரூப் நானாவின் கையைப் பிடிக்கப் பெரிய கூட்டம்.

மௌலவி என்னைப் பார்த்தார். பக்கத்தில் போனேன்.

"சேர், இது இறங்கல்ல," என்றார் மெதுவாக. "பிறைண்டா இவ்வளவு நேரத்தில கடலுக்குள்ள போயீக்கோணும்." பிறகு ஓரமாக இரண்டு அடி வைத்தார். "இங்க வந்தாத் தெரியவும் இல்ல." திரும்ப வந்து நின்றார். "இங்க ஈக்குது. இந்தத் தகடு ஜன்னலா, முகம் பார்க்கிற கண்ணாடியா?"

"பகலில ஜன்னல்," என்றேன். "கடல் பக்கம் இருண்டு, ஊர்ப் பக்கம் வெளிச்சம் வந்தா முகம் பார்க்கிற கண்ணாடி."

சொல்லிக்கொண்டே நான் திரும்பி ஊர்ப் பக்கம் பார்த்தேன். தென்னைகளுக்கு மேலே எங்கள் பள்ளிவாசலின் மினாரா. அதன் உச்சியில், அந்த நோன்புக்குத்தான் ஒரு வள்ளக்காரர் அன்பளிப்பாகப் பூட்டிக் கொடுத்த எல்.ஈ.டி. பிறை. கொம்பு இரண்டும் மேலே. மஃரிப் பாங்குடன் எரியத் தொடங்குவது.

மௌலவி அந்த அழைப்பை எடுத்தால், எங்கள் பள்ளியின் விளக்கை நம்பி எத்தனையோ ஊர்கள் நோன்பை விட்டுவிடும். எடுக்காமல் நிறுத்தினால் மஹ்ரூப் நானாவின் சொல் போய்விடும், அதுவும் கையைப் பிடித்து வாழ்த்திக்கொண்டிருக்கிற இத்தனை பேருக்கு முன்னால். நீங்கள் கண்டது மினாரா விளக்கு என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. என் வாயில் வந்தது வேறு ஒருவருடைய வசனம்.

"நிப்பாட்டிப் பார்ப்பம் ஹஸரத்."

மஹ்ரூப் நானாவைக் கட்டைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னோம். மௌலவி பாங்கு சொல்லும் பள்ளி மோதினாருக்கு அழைப்பு எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"மோதினார், பிறைய அணைங்க."

"எந்தப் பிறைய ஹஸரத்?"

"நம்மட பிறைய."

பேச்சுச் சத்தம் நின்றது. மோதினார் செருப்பு இழுபட நடந்து போவது தொலைபேசியில் கேட்டது. ஒரு 'டிக்'. பிறை அணைந்தது.

யாரோ ஓர் இளந்தாரி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விழுங்கிக்கொண்டான். நான் மணலைப் பார்த்துக்கொண்டு, "திரும்பப் போடச் சொல்லுங்க," என்றேன். காய்ந்த சுவரை நனைத்த நாளைவிட அது கடினமாக இருந்தது. போட்டார்கள். நீலத்துக்குள் பிறை அதே இடத்தில், ஒரு முட்டி உயரத்தில், மல்லாந்து கிடந்தது.

"இன்னொருக்கா அணைங்க," என்றார் மஹ்ரூப் நானா.

அணைந்தது. அவர் அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பி மினாராவைப் பார்த்தார். அதிக நேரம் பார்த்தார்.

"நான் பொய் சொல்லல்ல ஹஸரத். கண்டதத்தான் சொன்ன. ஆனா அது பிறை இல்ல. என்ட சாட்சிய எடுக்க வேணாம்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை என்று கொழும்பிலிருந்து அறிவித்தார்கள். மறுநாள் முப்பதாவது நோன்பு. வட்டிலப்பத்தை நோன்பு திறக்கச் சாப்பிட்டோம்.

தகடுகளைக் கழற்ற வேண்டும் என்று சிலர் வந்தார்கள். மௌலவிதான் தடுத்தார். "தகடு என்ன செஞ்சிச்சி? நம்மட பிறையத்தானே நமக்குக் காட்டிச்சி," என்றார். சிற்பம் நின்றது. நின்றுபோனது மஹ்ரூப் நானாவின் கடற்கரை வரவுதான். கட்டை வெறுமையாகக் கிடந்தது. அதில் வேறு யாரும் சாயவில்லை. அந்த வருடமே நான் இளைப்பாறினேன். பிரிவுபசாரத்தில் என் சேவையைப் புகழ்ந்து எல்லோரும் பேசினார்கள். நான் கட்டையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நோன்பு தொடங்கும் தலைப்பிறைக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது அவருடைய வீட்டுக்குப் போனேன். பால் விடாத பிளேன்ரீ தந்தார். இந்த முறை வர வேண்டும் என்றேன்.

"என்ட கண்ண நம்பி என்னத்துக்கு சேர்? நாளைக்கு ரோட்டு லைட்டையும் பிறைண்டு சொல்லுவன்."

"நானும்தானே கண்டன் நானா. நிண்ட எல்லாரும் கண்டாங்க."

"நீங்க கண்டா அது பிழை. நான் கண்டா அது சாட்சி. ரெண்டும் ஒண்டில்ல."

பிளேன்ரீ ஆறியது. நான் எழும்பும்போது, "பள்ளி லைட்ட அணைச்சுப் போடோணும்," என்றார். சரி என்றேன். "தகட்டையும் மூடோணும்." அதற்கும் சரி என்றேன், அது என் கையில் இல்லை என்ற போதிலும். சபையில் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள். திலினி மிஸ்ஸுக்கும் தொலைபேசி எடுத்து, படங்கு போட்டு மூடப்போகிற விஷயத்தைப் பயந்து பயந்து சொன்னேன்.

"படங்கு என்ன நிறம்?" என்று கேட்டார்.

நீலம் என்றேன்.

"அப்ப சரி," என்றார்.

அன்று மாலை படங்கு காற்றில் ஊதிக்கொண்டு நின்றது. மினாரா இருட்டு. மஹ்ரூப் நானா எல்லோருக்கும் கடைசியாக வந்தார். கட்டைக்குப் போய்ச் சாய்ந்தார். முன்னால் படங்கைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இரண்டு முறை எட்டிப் பார்த்தார். பிறகு கட்டையை விட்டு, தகடுகளைத் தாண்டி, அலை வந்து காலை நனைக்கிற இடத்துக்கு நடந்து போய் நின்றார். அவர் அப்படி இடம் மாறியதை ஊர் அன்றுதான் பார்த்தது.

நானும் மௌலவியும் பின்னால் போனோம். நேரம் போனது.

"ஈக்குது," என்றார்.

அவர் விரல் காட்டிய பக்கம் தேடினேன். இருந்தது. மெல்லியது, மங்கலானது, போன வருடத்துப் பிறையின் அழகில் பாதிகூட இல்லை. மௌலவியும் கண்டார். சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார்.

மஹ்ரூப் நானா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார். பகிடி விடுகிற முகம் இல்லை.

"சேர், இத ஒருக்கா அணைச்சுப் பாருங்க."

நான் இளைப்பாறியவன். இருந்தும் சபைத் தொழிலாளி ஒருவரைக் கூப்பிட்டு, கடற்கரை வீதி விளக்குகளை அணைக்கச் சொன்னேன். அணைத்தார். தேநீர்க் கடைக்காரரும் கேட்காமலே தன் விளக்கை அணைத்தார். கரையில் நின்றவர்கள் தொலைபேசிகளைச் சட்டைப்பைக்குள் போட்டார்கள். அணைக்கக்கூடியது வேறு எதுவும் ஊரில் மிச்சம் இருக்கவில்லை.

பிறை இருந்தது. மஹ்ரூப் நானா கையை நீட்டி முட்டி வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது அரை முட்டியானது, பிறகு ஒரு விரலானது. கொழும்பு காத்துக்கொண்டிருந்தது. மௌலவி தொலைபேசியைப் பிடித்தபடி நின்றார். பிறை கடலுக்குள் முழுவதும் இறங்கிய பிறகுதான் மஹ்ரூப் நானா கையை மடக்கினார்.

"இப்ப சொல்லுங்க ஹஸரத். மஹ்ரூப் கண்டாண்டு சொல்லுங்க."

தம்பி, அதற்காகத்தான் தலைப்பிறைக்கு ஒரு மாலையும் பெருநாள் பிறைக்கு ஒரு மாலையும் மூடுகிறோம். பெர்னாந்து சேர் அன்று அந்தக் கரையில் இருந்திருந்தால், மஹ்ரூப் நானாவை உட்காரச் சொல்லியிருப்பார்.